வயித்து நோவுக்கு டைக்லோவா, ராத்திரி மாத்திரையா, இல்ல உள்ளித்தீயல விடணுமா?

எனக்கு க்ரோன்ஸ், அதாவது குடல் வீங்கி புண்ணாகுற நாள்பட்ட நோய், வந்து ஆறு வருசம் ஆச்சு, தக்கலை பக்கம் வீடு. வயித்து நோவுன்னு வாய தொறந்தா போதும், ஆளுக்கு ஒரு மருந்து சொல்லுவாவ. நான் தின்னு பாத்ததையும் டாக்டர்ட்ட கேட்டதையும் வச்சு எது எதுக்கு ஆகும்னு எழுதுறேன்.

நோவுல எந்த நோவுன்னு தெரியாம மருந்த ஒப்பிட்டு பிரயோஜனமில்ல. குடல் புண்ணாகி வீங்கி நோவுறது ஒண்ணு, தழும்பு விழுந்து குடல் சுருங்கி நோவுறது ஒண்ணு, குடலுக்குள்ள கேமரா விட்டு பாக்குற ஸ்கோப்புல எல்லாம் ஆறிட்டுன்னு சொன்ன பிறகும் குடல் நரம்பு கூச்சம் விடாம சும்மா வாயுவுக்கே நோவுறது இன்னொண்ணு. மலத்துல கால்புரொடெக்டின்னு வீக்கத்த காட்டுற ஒரு புரதத்த டெஸ்ட் பண்ணி பாத்தா ஓரளவு புரியும், 50க்கு கீழன்னா பெரும்பாலும் வீக்கம் இல்ல, 250 தாண்டினா வீக்கம் இருக்கத்தான் வாய்ப்பு கூடுதல். வீக்கம் இருந்தா ஸ்டீராய்டோ அசாதயோப்ரினோ ஊசியோ, நோய்க்கான மருந்த சரி பண்றதுதான் முதல் வேலை.

இனி டைக்லோ, ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை. நாலு நாள் முட்டு வலிக்கு ஒரு மருந்துகடையில கேட்டு வாங்கி தின்னேன், எனக்கு குடல் தீனம் உண்டுன்னு நானும் சொல்லல அவரும் கேக்கல, அடுத்த வாரம் ரத்தமா போச்சு. இந்த வகை மாத்திரை குடல் உள்தோல கெடுக்கும், சிலருக்கு அடங்கின நோய திரும்ப கிளப்பும். அதுக்கு பாரசிட்டமால் எவ்வளவோ தேவல, ஆனா வயித்து முறுக்குக்கு அது பெருசா கேக்காது.

டிரமடால், அபின் வகைல சேந்த வலி மாத்திரை, சட்டுன்னு கேக்கும். நாள்பட தின்னா மலச்சிக்கல், டோஸ் கூடிக்கிட்டே போகும், கடைசில சிலருக்கு மாத்திரையே நோவ உண்டாக்கும். எனக்கு அந்த பக்கமே வேண்டாம்.

டைசைக்ளோமின் முறுக்கு நோவுக்கு எப்பவாவது ஒண்ணு ஓகே. ஆனா வயிறு உப்பி, வாந்தி வந்து, வாயுகூட பிரியாம இருந்தா அது அடைப்பா இருக்கலாம், அந்த நேரம் மாத்திரை போட்டுட்டு படுக்காம ஆஸ்பத்திரி போணும், ஸ்டீராய்டு தின்னுட்டு இருக்கவங்களுக்கு உள்ள பெரிய பிரச்சனை இருந்தாலும் நோவு கம்மியா தெரியும்ங்கறதால இன்னும் கவனம்.

வீக்கம் இல்லாத நோவுன்னு உறுதியானா உண்மையான போட்டி ரெண்டுக்கும் நடுவுலதான். ஒண்ணு ராத்திரி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். சீட்ட பாத்துட்டு எங்க மயினி "இது மனசுக்கு உள்ள மாத்திரல்லா, ஒனக்கு என்னடே ஆச்சு"ன்னு கேட்டாவ. மனசுக்கு குடுக்கது இதவிட பல மடங்கு டோஸ், இங்க குடல்ல இருந்து மூளைக்கு போற வலி சேதிய அடக்கத்தான். பலன் தெரிய சில வாரம் ஆகும், வாய் வறளும், காலைல தூக்கம் தூக்கமா வரும், இதய துடிப்புல பிரச்சனையோ கண் பிரஷரோ உள்ளவங்க டாக்டர்ட்ட சொல்லாம தொடக்கூடாது.

இன்னொண்ணு ஃபாட்மாப், அதாவது குடல்ல சரியா செரிக்காம புளிச்சு வாயு உண்டாக்குற சக்கர வகைகள, குறைக்கிற சாப்பாடு. உள்ளி, பூண்டு, கோதும, பால், பயறு எல்லாத்தையும் நாலஞ்சு வாரம் நிறுத்தி பிறகு ஒண்ணொண்ணா திரும்ப சேக்கணும். வாயு, உப்பசம் நல்லா குறையும், ஆனா குடல் வீக்கத்த ஆத்தாது. ஏற்கனவே மெலிஞ்சவங்க டயட்டீசியன் இல்லாம இறங்காதீங்க, ஆயுசுக்கும் அப்படியே இருக்கவும் கூடாது. நம்ம சமையல்ல சின்ன உள்ளிய எடுத்தா என்ன மிஞ்சும் சொல்லுங்க! மரச்சீனியும் மீனும் வச்சு ஒப்பேத்தினேன், அதுனால எனக்கு வயித்துக்கு ஒரு கெடுதலும் வரல.

எனக்கு ராத்திரி மாத்திரையும் இந்த சாப்பாடும் ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் தேவப்பட்டுச்சு, கூட ஒரு வெந்நீர் பை. பூண்டு இன்னும் ஆகல. சின்ன உள்ளி போட்ட உள்ளித்தீயல் கொழம்பு ரெண்டு கரண்டி வர தாங்குது, மூணாவதுக்கு வயிறு கடமுடங்குது.