குன்னூர், கோத்தகிரி பக்கம் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கப் போறவங்க இத படிச்சிட்டுப் போங்க

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் ஹோம்மேட் சாக்லேட், வர்க்கி, தைலம் விக்கிற சின்னக் கடைங்க நம்மளது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் லேப்டாப்போட வந்து இது நாங்களே செஞ்ச சாஃப்ட்வேர்னு காமிச்சாரு, மூணு வருஷத்துக்கு 36,000 ரூவா மொத்தமா குடுத்துட்டேன், உள்ளூர் ஆளுதானே ஏதாச்சும்னா நேர்ல போய் புடிச்சிக்கலாம்னு ஒரு தைரியம். ஓடிபி மட்டும் வேற ஏதோ பேர்ல வரும், கேட்டா "அது மெசேஜ் அனுப்பி விடுற எஸ்எம்எஸ் கேட்வே பேருங்க"ன்னாரு. நானும் பெருசா தெரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன்.

2025 செப்டம்பர் 22-ல சாக்லேட்டுக்கு ஜிஎஸ்டி 18-ல இருந்து 5 ஆச்சு இல்லையா, அன்னிக்குத்தான் சாயம் வெளுத்துச்சு. வரி சேத்து கிலோ 800-க்கு வித்தத 710-ஆ கொறச்சிட்டோம், ஆனா பில்லுல வரி இன்னும் 18 தான் அடிக்குது, மாத்துற எடமே நமக்குப் பூட்டி வெச்சிருக்கு. ஃபோன் பண்ணா "அப்டேட் வருதுங்க". ஆடிட்டர் வேற பில்லுல 18 போட்டு வாங்குனா 18-ஐயே கட்டணும்னுட்டாரு. 710-க்கு 34 ரூவா கட்ட வேண்டியது 108 ஆகுது, கிலோவுக்கு 74 ரூவா நம்ம கைக்காசு. அதுவும் ஆயுதபூஜை லீவு கூட்டத்துல! அப்பறம் பில் புக் வாங்கி கையிலயே எழுத ஆரம்பிச்சோம்.

அக்டோபர் முதல் வாரம் லாகின் பண்ணா அக்கவுண்ட் நிறுத்தப்பட்டதுன்னு வருது. அந்த ஓடிபி பேர வெச்சு தேடித்தான் உண்மையான கம்பெனியப் புடிச்சேன், எங்கயோ வடக்க இருக்கு. நம்ம ஆளு அவங்ககிட்ட மொத்தமா வாங்கி தன் லோகோ ஒட்டி வித்திருக்காரு, ஒயிட் லேபிள்னு பேராம். அது ஒண்ணும் தப்பில்ல, ஊர்ல எவ்வளவோ பேர் ஒழுங்கா பண்றாங்க. இவரு நம்மகிட்ட மூணு வருஷக் காச வாங்கிட்டு அங்க மாசாமாசம் கட்டிட்டிருந்திருக்காரு, அத நிறுத்துனதும் அவர் கீழ இருந்த எல்லாக் கடையும் ஒண்ணா படுத்துருச்சு. கம்பெனிக்காரன் மரியாதையாத்தான் பேசுனான், "எங்க கஸ்டமர் அவருதான் சார், நீங்க இல்ல, டேட்டாவ உங்ககிட்ட குடுக்க முடியாது"ன்னான். அவன்மேல கோவப்படவும் முடியல.

13-ஆம் தேதிக்குள்ள மூணு மாசத்து ஜிஎஸ்டிஆர்-1, அதான் வித்த கணக்கு ரிட்டர்ன், போடணும். கார்பன் காப்பி மாதிரி எடுத்து வெச்ச தெர்மல் பேப்பர் பில்லுங்க பாதி வெளுத்துப் போச்சு, நானும் வீட்டம்மாவும் ராத்திரி டார்ச் அடிச்சு நம்பரப் படிச்சு எக்ஸெல்ல ஏத்துனோம். மாசம் ஒருக்கா எக்ஸெல்ல எடுத்து வெச்சிருந்தா இந்தப் பாடே இல்ல.

இப்ப அவரே வேற பேரு, வேற கலர் லோகோவோட கூடலூர் பக்கம் டெமோ காமிக்கிறதா கேள்வி. உங்க கடைக்கு வந்தா ஓடிபி யார் பேர்ல வருதுன்னு மொதல்ல பாத்துக்கங்க.