ஆல்கஹால் என்பது குடும்பப் பெயர், எத்தனால் அதில் ஒரு பிள்ளை

முகத்துக்குப் போடும் கிரீம் ஒன்று வாங்கினேன். முன்பக்கம் 'ஆல்கஹால் இல்லாதது' என்று கொட்டை எழுத்து. டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'சீட்டைல் ஆல்கஹால்'. ஏமாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. முன்பக்கம் 'இல்லாதது' என்று சொல்வது எத்தனாலை, அதாவது சரக்கில் இருக்கும் ஆல்கஹாலை. பின்பக்கம் இருப்பது அதன் பங்காளி. 'எத்தனால் இல்லை' என்றே போட்டுத் தொலைத்தால் என்ன?

பேச்சில் ஆல்கஹால் என்றால் எத்தனால் மட்டும்தான். வேதியியலில் அது ஒரு பெருங்குடும்பம். ஒற்றைப் பிணைப்புகள் மட்டுமே உள்ள கார்பனில் ஹைட்ராக்சில் தொகுதி (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) ஒட்டியிருந்தால் அது ஆல்கஹால். மெந்தாலும் கொலஸ்ட்ராலும்கூட இந்த வீட்டார்தான். பீனால் மட்டும் சேராது. அதில் ஹைட்ராக்சில், ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையத்தில் நேராக ஒட்டியிருக்கிறது.

எத்தனாலுக்கு இரண்டு கார்பன். தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும், 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், கையில் ஊற்றினால் சில்லென்று பறந்துவிடும், தோலையும் காயவைக்கும். சீட்டைலுக்கு 16 கார்பன். அந்த நீண்ட வால் காரணமாக மெழுகுபோல் கட்டியாக இருக்கும், தண்ணீரில் கரையாது, தோலை மிருதுவாக்கும். கிளிசராலில் மூன்று கார்பனுக்கும் ஆளுக்கொரு ஹைட்ராக்சில். அதனால் பாகுபோல் கெட்டி, கொஞ்சம் தித்திப்பு, கொதிநிலை 290 டிகிரி. உலக சுகாதார நிறுவனம் தந்த சானிடைசர் செய்முறையில் 80 சதவீத எத்தனாலோடு 1.45 சதவீதம் கிளிசராலும் உண்டு. கிருமியைக் கொல்ல ஒரு ஆல்கஹால், கை வறண்டுபோகாமல் இருக்க இன்னொன்று.

இதெல்லாம் சரி. எத்தனாலை மெத்தனாலோடு ஒப்பிடும்போதுதான் விஷயம் உயிர்போகும் இடத்துக்கு வருகிறது. மெத்தனாலுக்கு ஒரே ஒரு கார்பன். ஒரு கார்பன் குறைந்தால் வீரியமும் கொஞ்சம் குறையும், அவ்வளவுதானே என்று தோன்றும். பார்க்க இரண்டும் தண்ணீர் மாதிரி. குடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

உடம்புக்குள் இரண்டையும் உடைப்பது கல்லீரலில் உள்ள ஒரே நொதிதான். எத்தனால் அசிட்டால்டிஹைடாகி, பிறகு வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலமாகிறது. உடம்பு அதைச் சமாளித்துவிடும். மெத்தனாலோ ஃபார்மால்டிஹைடாகி, ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பிடம் இருக்கும் அதே அமிலம். செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் அது தடுக்கிறது. பார்வை நரம்பு சீக்கிரமே அடிபடுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால்தான்.

அப்புறம், இதற்கான வைத்தியத்தைக் கேளுங்கள். ஃபோமெபிசோல் என்ற மருந்து கிடைக்காத இடத்தில் மருத்துவர்கள் நோயாளிக்கு அளந்து கொடுப்பது எத்தனாலைத்தான். அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல்தான் பிரியம் அதிகம். அது எத்தனாலைக் கவனித்துக்கொண்டிருக்க, மெத்தனால் அமிலமாக மாறாமலேயே மூச்சிலும் சிறுநீரிலும் டயாலிசிஸிலும் வெளியேறிவிடும்.