வல்லாரை, மீன் எண்ணெய், தேநீர், இரும்புச்சத்து, மாத்திரை: கவனம் சிதறும் பிள்ளைக்கு எது?

கவனச்சிதறலும் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு (ஏடிஹெச்டி) உள்ள பிள்ளைக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரையை டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்ததும் பெற்றோர் முதலில் அந்தப் பெயரைப் போனில் தேடுகிறார்கள். தேடிப் பார்த்துப் பயந்துபோய், அப்புறம் குன்னூர் கடைத்தெருவில் எங்களைப் போன்ற மெடிக்கல்காரர்களிடம் வந்து, "அண்ணா, இதுக்குப் பதிலா மூலிகையா ஏதாச்சும் இருந்தா குடுங்க" என்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்குத் தினமும் மாத்திரை என்றால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் மூலிகை டப்பாக்கள் அடுக்கிய அலமாரியில் இருப்பதும், நாங்கள் பூட்டி வைக்கும் அலமாரியில் இருப்பதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எனக்குத் தெரிந்தவரை இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் மாத்திரை. "இப்ப புதுசா வந்த மருந்துதானே?" என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனியில் லேயாண்ட்ரோ பானிட்சோன் என்ற வேதியியலாளர் 1944இல் தயாரித்தது. மனைவி ரீட்டாவின் பெயரை வைத்து அதற்கு ரிட்டலின் என்று பெயர் வந்தது. மூளையில் டோபமின், நாரெபிநெஃப்ரின் என்ற இரண்டு வேதிப்பொருட்கள் நரம்பு முனையில் வெளியானதும் சீக்கிரமே திரும்ப உறிஞ்சப்பட்டுவிடும். இந்த மருந்து அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது, அவ்வளவுதான். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். சாதாரண மாத்திரை மூன்று, நான்கு மணி நேரமும், மெதுவாகக் கரையும் வகை எட்டு மணி நேரத்துக்கு மேலும் தாங்கும். பிள்ளைக்கு ஒத்துவருகிறதா என்பது சில நாளிலேயே தெரிந்துவிடும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஒத்துவரவில்லையா, டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதம் கவனித்த ஒரு பெரிய ஆய்வின் முடிவு 1999இல் வெளியானது. கவனச்சிதறல், துறுதுறுப்பு ஆகிய அடிப்படைத் தொல்லைகளைக் குறைப்பதில், நடத்தைப் பயிற்சி மட்டும் கொடுத்ததைவிட முறையாகக் கண்காணித்துக் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது குறைந்த அளவு மருந்தே போதுமானதாக இருந்தது.

தொல்லையும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பசி குறையும். கொடுத்தனுப்பிய மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும். காலையில் இட்லியோ கிச்சடியோ வயிறு நிறையக் கொடுத்துவிட்டு மாத்திரை கொடுங்கள் என்று சொல்வேன். சாயங்காலம் மருந்தின் வேகம் இறங்கியதும் பிள்ளை பசியோடு அடுப்படிக்கு வரும், அப்போது தட்டு தயாராக இருக்கட்டும். நேரம் தள்ளிக் கொடுத்தால் ராத்திரி தூக்கம் வராது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் கொஞ்சம் ஏறும். அதனால் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயசில் இதயக் கோளாறு இருந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் சாப்பிட்டால் உயரத்தில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறையலாம். உயரமும் எடையும் அளந்து எழுதி வைக்கச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு தொல்லை மலையில் இருப்பவர்களுக்கே உரியது. இது அட்டவணை எக்ஸ் மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய பட்டியலில் இருப்பது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருஷம் வைத்திருக்க வேண்டும், அதற்குத் தனி லைசென்ஸும் வேண்டும். அதனால் எல்லாக் கடையிலும் கிடைக்காது, பலர் கோயம்புத்தூர்தான் இறங்குகிறார்கள். மழைக்காலத்தில் கீழே இறங்கும் மலை ரோட்டில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டால் என்ன செய்வது என்று அக்டோபருக்கு முன்பே டாக்டரிடம் பேசிவைப்பது நல்லது. இந்த அட்டவணையில் வராத அட்டமாக்ஸெட்டின் என்ற மருந்தும் இதே கோளாறுக்கு இருக்கிறது. ஆனால் அது முழுப் பலன் காட்டச் சில வாரம் பிடிக்கும். ஆரம்பத்தில் பிள்ளையின் மனநிலையையும் கூர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, மூலிகைக்கு வருவோம். எல்லாரும் முதலில் கேட்பது வல்லாரை. இங்கே ஈரப்பாங்கான ஓடைக்கரையில் தானாக முளைத்துக் கிடக்கும். துவையலாக அரைத்தால் சோற்றுக்கு ருசி, சின்னப் பிள்ளைகளும் சாப்பிடும். உணவாக அதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை. ஆனால் டப்பாவில் பிரமி என்று போட்டு வருவது இரண்டு வேறு செடிகளில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்று வல்லாரை, இன்னொன்று நீர்ப்பிரமி. பின்பக்கம் தாவரப் பெயரைப் படித்தால்தான் தெரியும். கவனக் கோளாறுக்கு ஓரளவாவது முறையாகச் சோதிக்கப்பட்டது நீர்ப்பிரமிதான். லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான அதன் சாற்றை ஆஸ்திரேலியாவில் நூற்றுச் சொச்சம் சிறுவர்களுக்கு 14 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் வந்த முடிவு: துறுதுறுப்பிலும் கவனத்திலும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தூக்கப் பழக்கம் போன்ற சில பக்க விஷயங்களில் மட்டும் முன்னேற்றம் இருந்தது.

ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரானில் 2010இல் 50 பிள்ளைகளை வைத்து மெத்தில்ஃபெனிடேட்டோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது அது தோற்றது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் 2008இல் 54 பிள்ளைகளிடம் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. அதன் சொந்தக்காரச் செடி ஒன்று நீலகிரிச் சோலை ஓரங்களில் மஞ்சளாகப் பூத்திருக்கும். பார்க்க அழகு, அதோடு விடுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் வேறு பல மருந்துகளின் அளவை உடம்பில் தாறுமாறாக்கிவிடும்.

மீன் எண்ணெயை இவற்றோடு சேர்க்கக் கூடாது, அதற்கு நியாயமான வாதம் உண்டு. 2011இல் பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிறிய பலன் தெரிந்தது, இபிஏ (மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு வகை) அளவு கூடினால் பலனும் கொஞ்சம் கூடியது. ஆனால் 2023இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு இன்னும் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது, பெற்றோர் சொன்ன கவனக்குறைவிலும் துறுதுறுப்பிலும் வித்தியாசம் தெரியவில்லை. வாங்கத்தான் வேண்டும் என்றால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று பெரிதாகப் போட்டிருப்பது மொத்த எண்ணெய். இபிஏ எவ்வளவு என்பது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கரடிப் பொம்மை வடிவத்தில் வரும் இனிப்பு வகைகள் பலவற்றில் அது பெயருக்குத்தான் இருக்கும். அதே பணத்துக்கு மத்தி மீன் வாங்கிக் குழம்பு வைத்தால் வீட்டில் எல்லாருக்கும் ஆச்சு. பாட்டிலில் இன்னொரு வரியையும் பாருங்கள்: "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல". துணை உணவு என்று விற்பவர்கள் இதை அச்சிட்டே ஆக வேண்டும் என்பது சட்டம்.

நம்ம ஊர்த் தேயிலைக்கும் ஒரு கட்சி இருக்கிறது. தேயிலையில் உள்ள தியனின் மனதை அமைதிப்படுத்தும், அதனால் பிள்ளைக்கு டீ கொடுக்கலாம் என்று சொல்லி வருகிறார்கள். 2011இல் வெளியான ஆய்வில் 8 முதல் 12 வயதுச் சிறுவர்கள் 98 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்குத் தினம் 400 மில்லிகிராம் தியனின் கொடுத்தார்கள். தூக்கம் ஓரளவு மேம்பட்டது உண்மை. ஆனால் ஒரு கப் டீயில் இருப்பது சுமார் 20 மில்லிகிராம்தான். 400 வேண்டுமென்றால் இருபது கப், அதோடு இருபது கப் காஃபீனும் உள்ளே போகும். பிள்ளை தூங்கின மாதிரிதான்!

டீயைப் பற்றி நான் உண்மையில் கவலைப்படுவது வேறொன்றுக்காக. அது இரும்புச்சத்தைத் தடுக்கும். சாப்பாட்டோடு டீ குடித்தால் கீரை, பயறு, ராகியில் உள்ள இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது பாதிக்கு மேல் குறைந்துபோகும். இங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் காலையில் டீயும் பன்னும்தான் பல பிள்ளைகளுக்கு ஆகாரம். இரும்பு குறைந்தால் கவனம் குறையும், டோபமின் உற்பத்திக்கே இரும்பு வேண்டும். பிரான்சில் 2004இல் வந்த ஆய்வில், கவனக் கோளாறுள்ள பிள்ளைகளில் 84 சதவீதத்தினருக்கு ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ரத்தப் புரதம்) குறைவாக இருந்தது, மற்றப் பிள்ளைகளில் 18 சதவீதம்தான். அதே குழு 2008இல் ஃபெரிட்டின் குறைந்த 23 பிள்ளைகளிடம் 12 வாரம் சோதித்து, இரும்பு கொடுத்தவர்களிடம் முன்னேற்றம் கண்டது. சின்ன ஆய்வுதான், ஆனால் இந்த அலமாரியில் நான் மதிக்கிற ஒன்று இருக்கிறதென்றால் அது இரும்புதான்.

அதற்காக டானிக் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள், முதலில் ரத்தப் பரிசோதனை. "ஹீமோகுளோபின் பன்னண்டு இருக்குதுங்களே, நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். மலையில் அந்த எண்ணை அப்படியே நம்பக் கூடாது. உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் உடம்பு ஹீமோகுளோபினைக் கூடுதலாகச் செய்துவைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் கொடுத்த கணக்குப்படி குன்னூர், ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் ஒரு கிராமுக்கு மேல் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்போது பன்னிரண்டு பதினொன்றுக்கும் கீழே வந்துவிடும். ஃபெரிட்டின் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குறைவாக இருந்தால் டாக்டர் சொன்ன அளவில் இரும்பு, டீயை விட்டுத் தள்ளி, எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்து. சரியாக இருந்தால் இரும்பு தேவையில்லை. மாத்திரைகளைப் பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இனிப்பு என்று நினைத்து மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

துத்தநாகமும் இதே ரகம். துருக்கியிலும் ஈரானிலும் பலன் தெரிந்தது, அமெரிக்காவில் பெரிதாகத் தெரியவில்லை. உடம்பில் ஏற்கெனவே குறை இருக்கும் இடத்தில்தான் உதவுகிறது போலும்.

மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்ற நம்பிக்கையை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பாஸ்டன் நகரக் கடைகளில் தெற்காசியாவிலிருந்து வந்த 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் பிள்ளைகளின் கவனத்தைக் கெடுக்கும் என்பது நன்றாகத் தெரிந்த உண்மை. கவனத்துக்கென்று வாங்கிக் கொடுக்கும் பொடியில் அதே ஈயம் இருந்தால் என்ன ஆவது? சித்த மருந்து வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் கேளுங்கள், பஸ் ஸ்டாண்டு விற்பனையாளரிடம் வேண்டாம்.

ஆக, மாத்திரைக்குப் பதிலாக என்று கேட்டால் என் அலமாரியில் எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. மாத்திரையோடு கூட என்றால் மீன் குழம்பும் வல்லாரைத் துவையலும் தாராளமாக. மாத்திரைக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஃபெரிட்டினும் தூக்கமும். குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி தூங்கும் பிள்ளைக்குப் பகலில் கவனம் இருக்காது. தொண்டைச் சதையைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட்டு வரச் சொல்வேன். ஏற்கெனவே ஏதாவது பொடியோ எண்ணெயோ கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த டப்பாவையே டாக்டரிடம் எடுத்துப் போங்கள். "ஏதோ ஆயுர்வேதம் டாக்டர்" என்று சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது, பின்பக்கத்தில் போட்டிருப்பதைத்தான் அவர் பார்க்க வேண்டும்.