ஊட்டிக் குளிருக்கு ஆயில் ஹீட்டர்: இரண்டு பனிக்காலம் பயன்படுத்திய அனுபவம்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் உதகையில் விடியற்காலைப் புல்தரை உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். முன்பெல்லாம் அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத்தான் குளிர் காய்ந்தோம். மூடிய அறையில் கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். அந்த அச்சத்தில்தான் ஒன்பது தகடுகள் கொண்ட, 2000 வாட் ஆயில் ஹீட்டரை வாங்கினோம்.

உள்ளே இருக்கும் எண்ணெய் எரிவதில்லை, சூடாகித் தகடுகளுக்கு வெப்பத்தைக் கடத்துகிறது, அவ்வளவே. ஆகவே புகை இல்லை, ஃபேன் ஹீட்டரின் இரைச்சல் இல்லை, ராட் ஹீட்டரைப் போலச் செந்தணலாகக் கண்ணைக் கூசச் செய்வதும் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை இதமாக அரை மணி நேரம் பிடிக்கிறது. பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது. அறை சூடானதும் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் 'டிக்' என்ற ஓசையுடன் ஹீட்டரைத் தானாக நிறுத்திவிடுகிறது. சாய்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் அடியில் இருக்கிறது. நானே சாய்த்துப் பார்த்துவிட்டேன்.

இயந்திரத்தில் குறை காண முடியவில்லை. எங்களுக்கு வந்த ஆபத்து சுவரிலிருந்து வந்தது. படுக்கையறையில் 6 ஆம்பியர் சாக்கெட் மட்டுமே இருந்ததால், கடைக்காரர் பெரிய பிளக்கைச் சிறிய சாக்கெட்டில் பொருத்தும் கன்வெர்ட்டர் ஒன்றைக் கொடுத்து, "எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள்" என்றார். 2000 வாட் ஹீட்டர் நமது 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும் என்பதை நான் அப்போது கணக்கிட்டுப் பார்க்கவில்லை. நான்காம் நாள் இரவு பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. கழற்றிப் பார்த்தால் சாக்கெட்டின் துளைகளைச் சுற்றிப் பழுப்பேறி, கன்வெர்ட்டரின் ஒரு முனை இளகி வளைந்திருந்தது. மறுநாளே எலக்ட்ரீஷியனை வரவழைத்து, 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன் இழுத்து, எர்த்துடன் 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கென ஓர் எம்.சி.பி.யும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டோம். ஹீட்டர் வாங்கும் செலவில் இதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இதைச் செருகவே கூடாது.

மெத்தை, திரைச்சீலை, கம்பளி ஆகியவற்றிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைக்கிறோம். மழைக்காலத்தில் காயாத துணியைத் தகடுகளின் மீது போர்த்த எல்லோருக்குமே ஆசை வரும் (என் மாமியார் இரண்டு முறை காலுறைகளைப் போட்டுவிட்டார்). துணி மூடினால் வெப்பம் வெளியேற வழியின்றித் தீப்பிடிக்கும் வாய்ப்புண்டு. தகடுகளைக் குழந்தை தொட்டால் கை பொத்துப்போகும் என்பதால் கட்டிலிலிருந்து தள்ளி, குழந்தைக்கு எட்டாத மூலையே அதன் இடம். தூங்கப் போகும்போது சுவரிலேயே அணைத்துவிடுகிறோம். சூடேறிய எண்ணெய் அதன்பின்னும் வெகுநேரம் இதம் தருகிறது.

இரவு மூன்று மணி நேரம் 1200 வாட் நிலையில் ஓடினால் அதிகபட்சம் 3.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கீட்டில் 216 யூனிட் வரை ஏறலாம். தெர்மோஸ்டாட் இடையிடையே நிறுத்துவதால் எங்களுக்கு அதைவிடக் குறைவாகவே வந்தது. குறை என்று சொன்னால், வயர் ஐந்தடிக்கு மேல் நீளவில்லை, பழைய மரத்தரையின் இடுக்குகளில் சக்கரங்கள் சிக்கிக்கொள்கின்றன.