மரான்ஸ் கோழியுடன் மூன்று ஆண்டுகள்: பென்சில் பிடிக்காத முட்டை

கடந்த கிழமை கல்முனையிலிருந்து நண்பர் அழைத்தார். "மச்சான், உன் வளவில் நிற்கிற அந்த மரான்ஸ் கோழியின் குஞ்சு இப்போது 700 ரூபாவுக்கு வருகிறதாம். மகளுக்குப் பார்க்க அழகாக இருக்க வேண்டும், முட்டையும் அதே கடும் பழுப்பில் வேண்டும். எடுக்கட்டுமா?" என்றார். குஞ்சு 700! நான் 2022இல் பொரிக்குமோ பொரிக்காதோ என்ற முட்டைக்கே ஒன்றுக்கு 600 கொடுத்தவன். அந்த எரிச்சலில் "எடுக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரவு படுக்கும்போது உறுத்தியது. விலை இறங்கிய கோபத்தைக் கோழியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆகவே ஆறுதலாக எழுதுகிறேன்.

குருநாகல் பக்கம் அலங்காரக் கோழி வளர்க்கும் ஒருவரிடம் 12 முட்டைகள் வாங்கி, உமிக்குள் புதைத்து, பஸ்ஸில் மடியில் வைத்தபடி மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதிக்குக் கொண்டுவந்தேன். அந்த ஆண்டு மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனதை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். இன்குபேட்டரை நினைத்தும் பார்க்க முடியாது. மாமியின் ஊர்க்கோழி ஒன்று அடை கிடந்தது, அதன் கீழ் வைத்தோம். (வளவு மனைவியின் சீதனம். அதனால் கோழிக்கூடு எங்கே வரவேண்டும் என்பதை மாமிதான் தீர்மானிப்பார். நம் பக்கத்து மருமகன்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை.) பத்தாம் நாள் கைபேசி வெளிச்சத்தை முட்டையின் அடியில் பிடித்துக் கரு பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன். ஊர்க்கோழி முட்டையில் செந்நரம்பு பளிச்சென்று தெரியும். இதில் ஒன்றுமே தெரியவில்லை, ஓடு அவ்வளவு இருட்டு. கூழ் முட்டை எது, குஞ்சு எது என்று தெரியாமலே 21 நாளும் காத்திருந்தோம். ஏழு பொரித்தன. நான்கு பேடு, மூன்று சேவல்.

அழகைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உடம்பு கறுப்பு. வெயிலில் திரும்பும்போது மட்டும் கறுப்புக்குள்ளிருந்து ஒரு பச்சை எழும், வண்டின் முதுகைப் போல. கழுத்தில் செம்பு. சேவலுக்கு அந்தச் செம்பு தோளிலும் முதுகின் பின்பகுதியிலும் வழிந்து கிடக்கும். கண் செம்மஞ்சள். எங்கள் சேவல் மூன்றரைக் கிலோ. காலையில் கிணற்றடிக்கு நடந்து வந்தால் தண்ணீர் அள்ளுபவர் வாளியை வைத்துவிட்டுப் பார்ப்பார். பிரான்சின் மேற்குக் கரையில் லா ரோஷெல் துறைமுகத்துக்கு அருகே மரான்ஸ் என்றொரு சதுப்பு நிலத்துச் சிற்றூர் இருக்கிறது. பெயர் அங்கிருந்து வந்தது. காலில் இருக்கும் இறகும் முட்டையின் கடும் நிறமும் அங்கே கலந்த லாங்ஷான் என்ற சீனக் கோழியிடமிருந்து வந்தவை. ஆக, கிழக்கிலிருந்து போன நிறம் சுற்றி வளைத்துக் கிழக்கு மாகாணத்துக்கே வந்திருக்கிறது.

இனி முட்டை. நான் எடுக்கும் ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் திகதி எழுதுவது வழக்கம். ஏழாம் மாத முடிவில் முதல் பேடு முட்டையிட்டது. கையில் எடுத்தபோது ஈரம்கூடக் காயவில்லை. வெறுந்தேநீரைச் சுண்டக் காய்ச்சினால் கோப்பையின் அடியில் நிற்குமே, அந்த நிறம். பென்சிலை வைத்து எழுதினேன், எழுத்து தெரியவில்லை. அழுத்தினேன், கீறல்தான் விழுந்தது. மனைவி பாடசாலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து வெண்கட்டித் துண்டை எடுத்து எழுதினேன். கரும்பலகையில் எழுதியது போல நின்றது. அந்த முட்டையைச் சமைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஐந்து நாட்கள் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

மாமி நம்பவில்லை. ஒரு முட்டையை எடுத்துத் தண்ணீரில் நனைத்து, தேங்காய்த் தும்பால் பாத்திரம் விளக்குவது போல நான்கு தேய்ப்புத் தேய்த்தார். தும்பில் பழுப்பு ஏறியது. முட்டையில் வெளிறிய கோடுகள். "பார்த்தீர்களா மகன், சாயம். உங்களை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள்" என்றார். நம் வளவில், நம் கூட்டில், நம் கண்முன்னே இட்ட முட்டை! கோழிக்கு யார் இரவில் போய்ச் சாயம் பூசுவது? ஆனால் மாமியின் பரிசோதனை பொய்யும் இல்லை. முட்டை உருவாக ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கிறது. அதில் 20 மணி நேரமளவு ஓட்டுச் சுரப்பியில் கழிகிறது. புரோட்டோபோர்பிரின் என்ற நிறப்பொருளின் பெரும்பகுதி கடைசி மணித்தியாலங்களில்தான் மேலே படிகிறது. ஓட்டின் உட்புறம் வெளிறித்தான் இருக்கும், உடைத்துப் பார்த்தால் தெரியும். மரான்ஸ் முட்டையில் அந்த மேற்பூச்சு தடிப்பு, அவ்வளவுதான். சாயம்தான், ஆனால் பூசியது கோழி. இதை மாமிக்கு இரண்டு முறை விளக்கினேன். இன்றும் வருபவர்களிடம் "மருமகனின் சாயக்கோழி" என்றுதான் சொல்கிறார்.

என்னுடைய எரிச்சல் முழுவதும் இந்தச் சாயத்தில்தான் இருக்கிறது. அது வற்றும். முதல் 20, 30 முட்டைகள் படத்தில் பார்க்கும் அதே நிறம். மூன்றாம் மாதத்தில் செங்கல் நிறமாகிறது. முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், 65 கிராமைத் தாண்டும். அதே அளவு சாயம் அகலமான ஓட்டில் பரவ வேண்டும், போதாமல் போகிறது. ஒரு நாள் காலை பென்சிலால் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: எழுத்து தெரிகிறது! மறுபடி போய்ப் பார்த்தேன். தெளிவாகத் தெரிந்தது. அடுத்த மாதம் பால்தேநீர். கடைசியில் பண்ணைக்கோழியின் பழுப்பு முட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் மனைவியே மாற்றி எடுத்துவிடுவார். பிரான்சில் இந்த முட்டை நிறத்துக்கு 1 முதல் 9 வரை அளவுகோல் வைத்திருக்கிறார்கள், 4க்குக் கீழே போனால் மரான்ஸ் என்று ஏற்கமாட்டார்கள். என் பேடுகள் ஏழில் தொடங்கின. ஆனி, ஆடியில் அந்த நாலின் வாசலில் நின்றன.

முட்டை தந்தவரை அழைத்துக் கேட்டேன். "அது அப்படித்தான். எல்லாரும் புதுப் பேட்டின் படத்தைத்தான் போடுவார்கள்" என்றார், மழை பெய்தால் நனையும் என்பது போல. முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வாங்கியிருக்கமாட்டேனா? வாங்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

கோழி இறகு உதிர்த்து ஓய்வெடுத்து எழும்பினால் நிறம் திரும்பும். பிரான்சில் குளிர்காலம் வந்து பகல் குறுகி அந்த ஓய்வைக் கட்டாயமாக்குகிறது. மட்டக்களப்பில் ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஒரு மணி நேரம்கூட மாறுவதில்லை, ஆகவே கோழிக்கும் எப்போது நிறுத்துவது என்ற தெளிவு இல்லை. ஒன்று ஐப்பசியில் உதிர்க்கும், ஒன்று மாசியில் உதிர்க்கும். கூட்டில் எப்போதும் மூன்று நிற முட்டை.

வெயில் இதைவிடக் கொடுமை. கச்சான் காற்று தொடங்கினால் இவை செட்டையை விரித்து, வாயைத் திறந்து, வேம்பின் கீழே மூச்சிரைத்துக்கொண்டு நிற்கும். ஊர்க்கோழி பக்கத்தில் எதுவும் நடக்காதது போல மண்ணைக் கிளறும். மூச்சிரைக்க இரைக்க உடம்பிலிருந்து காபனீரொட்சைட்டு அதிகம் வெளியேறி, ஓடு செய்யத் தேவையான காபனேற்று குறைகிறது. நிறம் போனது போதாதென்று ஓடும் மெலியும். நனைத்த சாக்கு, தீனை விடியலுக்கும் பொழுதுபட்ட பிறகுக்கும் மாற்றியது, வாவிக்கரையில் பொறுக்கிய மட்டிச் சிப்பியை இடித்து வைத்தது, எல்லாம் ஓரளவு உதவின. ஒரு பேட்டை வெயிலுக்கே இழந்தேன், பிற்பகல் இரண்டு மணிக்கு.

மாரியில் கால் இறகு. அழகுக்காக வாங்கியது, சேறு உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பர் வெள்ளத்தில் கோழிகளை மண்டபத்துக் கதிரைகளில் ஏற்றி வைத்துவிட்டு, இரவு முழுவதும் ஒவ்வொன்றாகக் கால் கழுவித் துடைத்தேன். கோழிக்குக் கால் கழுவும் மனிதன் என்று ஊரில் பெயர் எடுத்தாயிற்று.

எண்ணிக்கையைக் கேட்பீர்கள். முதல் ஆண்டில் பேட்டுக்கு 140 அளவில் கிடைத்தது. தீன் விலைக்கு இது கட்டாது. விற்கவும் பார்த்தேன். 2023இல் அரசாங்கம் விதித்த உச்ச விலை வெள்ளை முட்டைக்கு 44 ரூபா, பழுப்பு முட்டைக்கு 46. நான் பாடுபடும் நிறத்துக்கு அன்று சட்டப்படி மதிப்பு இரண்டு ரூபா. கடைக்காரர் ஒருவர் முட்டையை மூக்கில் வைத்து முகர்ந்துவிட்டுத் திருப்பித் தந்தார். இன்னொருவர் கருங்கோழி முட்டையா, மருந்துக்கு ஆகுமா என்று கேட்டார். கருங்கோழி என்று இங்கே விற்கும் கடக்நாத் இடுவது வெளிறிய முட்டை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. நிறத்துக்கும் சத்துக்கும்கூடச் சம்பந்தமில்லை, உடைத்து ஊற்றினால் எல்லாம் ஒன்றுதான். மஞ்சள் கரு சிவப்பாக இருந்தால் அது தின்ற முருங்கையிலையும் சோளமும் செய்த வேலை.

நான் கேட்காமலே கிடைத்த ஒன்று இருக்கிறது. எங்கள் சேவல் மாமியின் ஊர்ப்பேடுகளுடன் சேர்ந்ததில் கலப்புப் பேடுகள் இரண்டு வந்தன. கழுத்தில் கொஞ்சம் செம்பு, காலில் இறகு பெயருக்கு நாலு. கச்சானில் மூச்சிரைப்பதில்லை, மதிலேறி மேய்ந்துவிட்டு வருகின்றன. முட்டை இளம் பழுப்பு, ஆண்டு முழுவதும் அதே இளம் பழுப்பு. மாமிக்கு இவற்றைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்க வேண்டும். அவை முட்டையிட்டால் நான் அவசரப்பட்டு எழுந்து போவதில்லை, அதுதான் உண்மை.

ஆகவே நண்பருக்கு என் பதில் மாறவில்லை: எடுக்காதே. உன் மகளுக்கு அழகுதான் வேண்டுமென்றால் ஒரு சேவல் மட்டும் வாங்கு, ஊர்ப்பேடுகளோடு விடு. கடும் பழுப்பு முட்டைக்காக நான்கு பேடு வாங்கினால், ஆண்டில் மூன்று மாதம் பெருமையும் ஒன்பது மாதம் சமாதானமும் சொல்லிக்கொண்டிருப்பாய். வெல்சமர், பார்னவெல்டர் என்று ஒல்லாந்து இனங்களையும் கேட்டார். அவற்றின் காலில் இறகு இல்லை, அந்த வேலை மிச்சம். சாயம் வற்றும் கதை அவற்றுக்கும் உண்டு.

இதை எழுதி முடித்த காலை, இரண்டு மாதமாக இறகு உதிர்த்து விளக்குமாறு போல அலைந்த மூத்த பேடு கூட்டுக்குள் போய் நெடுநேரம் இருந்தது. வந்து கொக்கரித்த பிறகு போய்ப் பார்த்தேன். ஈரம் காயாமல் கிடந்தது. பென்சிலை வைத்தேன், வழுக்கிக்கொண்டு போனது. பாடசாலை விடுமுறை, வீட்டில் வெண்கட்டி இல்லை. மாமியின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பைத் தொட்டுத் திகதி எழுதினேன்.

படம் எடுத்தேன். நண்பருக்கு அனுப்பவில்லை. பார்த்தால் வாங்கிவிடுவார்.