லேடீஸ் ஃப்ரீ பஸ்ல நாலு வருஷத்துக்கு மேல: கண்ணகி நகர் டூ தி.நகர்

லேடீஸ்க்கு கவர்மென்ட் டவுன் பஸ்ல டிக்கெட் காசு இல்லன்னு 2021 மே 8ல ஆரம்பிச்சாங்க, அந்த லாக்டவுன் முடிஞ்சு பஸ் ஓடுனதுல இருந்து டெய்லி போயிட்டு வர்றேன். சென்னை ஓரத்துல ஓஎம்ஆர் ரோட்டு பக்கம் கண்ணகி நகர்ல வீடு, சிட்டிக்குள்ள தி.நகர்ல துணிக்கடையில வேலை. ஒரு நாள் ஏறி எறங்கிட்டு இந்த திட்டம் நல்லது, வேஸ்ட்டுன்னு பேசுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதனாலதான் எழுதணும்னு தோணுச்சு.

காசு விஷயத்துல குறையே சொல்ல முடியாது. மாநில திட்டக் குழு பண்ண ஆய்வுல ஒருத்தருக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுன்னு வந்துச்சு, என் கணக்கும் கிட்டத்தட்ட அவ்ளோதான், அது பொண்ணு டியூஷனுக்கு போகுது. அதவிட எனக்கு பெருசா படறது எங்க அம்மா. முன்னாடி ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு போகணும்னா தம்பிகிட்ட காசு கேக்க கூச்சப்பட்டுட்டு மாத்திரை தீர்ந்தாலும் சொல்லாம இருப்பாங்க, இப்ப யாரையும் கேக்காம பைய எடுத்துட்டு கெளம்பிடுறாங்க.

பிரச்சன பஸ்தான். ஒயிட் போர்டு வச்ச ஆர்டினரி பஸ்ல மட்டும்தான் ஃப்ரீ, அந்த ஒயிட் போர்டு பஸ் வர்றதுக்குள்ள ரெண்டு டீலக்ஸ் போயிடும், லேட்டா போனா கடையில அரை நாள் சம்பளம் கட், அதனால மாசத்துல ஏழெட்டு நாள் காசு குடுத்துதான் போறேன். காலைல 6 மணி பஸ்ல பாதிப் பேர் அடையாறு, பெசன்ட் நகர்ல வீட்டு வேலைக்கு போறவங்க. போன மழைக்கு ஒரு அக்கா படிக்கட்டுல முழுசா நனைஞ்சு நின்னுட்டு அந்த ஃப்ரீ டிக்கெட்டுக்கு கைய நீட்டுனாங்க, "ஓசில வர்றதுக்கு அவசரம் வேற"ன்னார் கண்டக்டர், நாலு பேர் சிரிச்சாங்க. அந்த அக்கா ஒண்ணும் சொல்லல, ஈர டிக்கெட்ட மடிச்சு மடிச்சு சின்னதாக்கி உள்ளங்கையில வச்சுட்டே வந்தாங்க. "உள்ள வாங்கம்மா, எடம் விடுங்கப்பா"ன்னு சொல்ற கண்டக்டரும் இருக்கார், அதையும் சொல்லணும்.

நம்ம டிக்கெட் காசுலதான் இவங்க போறாங்கன்னு கூட வர்ற ஆம்பளைங்க சிலர் சண்டைக்கே வர்றாங்க. அண்ணே, சோப்பு வாங்குனா நானும்தான் வரி கட்டுறேன், மேம்பாலம் கட்டுனதும் அந்த வரியிலதான், அதுல கார்ல போறவங்கள யாரும் ஓசின்னு கூப்பிடுறதில்லையே. எங்க ஜனங்க பாதிப் பேர் சிட்டிக்குள்ள ஆத்தங்கரையில இருந்தவங்க, 2000க்கு அப்புறம் கொண்டு வந்து இங்க குடி வச்சாங்க, வீடு இங்க வந்துச்சு, வேலை அங்கயே நின்னுபோச்சு. அட்ரஸ் கண்ணகி நகர்னு சொன்னா வேலை தர யோசிக்கிறாங்கன்னு பக்கத்து ஏரியா பேர சொல்ற பசங்கள எனக்கு தெரியும். இவ்ளோ தூரம் தள்ளி வச்சவங்க பஸ் விடுறது சலுகை இல்ல, எங்களுக்கு சேர வேண்டியது.

இப்ப ஓஎம்ஆர்ல மாதவரம் – சிப்காட் மெட்ரோ வேலை நடக்குது, ரெண்டாம் கட்டம் மொத்தம் 118.9 கிலோமீட்டர். வரட்டும், பொண்ணு காலேஜ் போறப்ப உதவும். ஆனா எங்க பிளாக்ல இருந்து ஸ்டேஷன் வரைக்கும் சின்ன பஸ் விட்டாதான் அது எங்களுக்கும் மெட்ரோ. அதுக்கு முன்னாடி காலைல 5.30ல இருந்து 8 வரைக்கும் ஒயிட் போர்ட அதிகமாக்குங்க, எத்தன மணிக்கு வரும்னு ஸ்டாப்லயே எழுதி வைங்க, எங்க அம்மாவுக்கு போன்ல பாக்க தெரியாது.