மதுரை கீழமாசி வீதிக் கடையில் ஒரு ரோபோ: இரண்டரை வருட அனுபவம்

ரோபோ என்றதும் எங்கள் கடை முதலாளி அண்ணாச்சி, மூட்டை தூக்கும் மெசின் என்று நினைத்துவிட்டார். "எங்க தம்பி நிப்பாட்டுறது? குடோன்ல இடமில்லையே" என்றார். ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன், சுருக்கமாக ஆர்பிஏ, என்பதில் கையும் காலும் கிடையாது. நாம் மவுஸில் சொடுக்குவதையும் கீபோர்டில் தட்டுவதையும் நமக்குப் பதிலாகச் செய்யும் ஒரு மென்பொருள், அவ்வளவுதான்.

எங்களுடையது பலசரக்கு மொத்த வியாபாரம். மில்களிலிருந்து பில்கள் மெயிலில் பிடிஎஃப்பாக வரும். அவற்றைத் திறந்து எக்செலில் ஏற்றி, டேலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு செய்ய வேண்டும். மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது எங்களுக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியல், ஜிஎஸ்டி தளத்தில் வந்துவிடும். அதை எங்கள் கொள்முதல் கணக்கோடு பில் பில்லாக ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நடுவில் இருக்கும் அந்த ஆறு நாளும் கணக்கு பார்க்கும் அக்காவுக்கும் எனக்கும் சாப்பாடு நேரத்துக்கு இறங்காது.

இந்த வேலைக்கு ஆர்பிஏ மென்பொருள் தேடினேன். யூஐபாத், ஆட்டோமேஷன் எனிவேர் எல்லாம் பெரிய கம்பெனிகளுக்கானவை என்று தோன்றியது. மைக்ரோசாஃப்ட் 2021 மார்ச்சில் பவர் ஆட்டோமேட் டெஸ்க்டாப் என்ற தன் ஆர்பிஏ மென்பொருளை விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. விண்டோஸ் 11இல் கூடவே வருகிறது. காசில்லாமல் கிடைப்பதில் கைவைத்துப் பார்ப்போம் என்று அதையே எடுத்தேன்.

முதல் மாதமே மானம் போனது. டேலியின் திரையில் இருக்கும் கட்டங்களை இந்த மென்பொருளால் சரியாக அடையாளம் காண முடியவில்லை. அதனால் மனிதன் தட்டுவது போலவே கீகளை வரிசையாக அனுப்பும்படி அமைத்தேன். ஒருநாள் அது ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டார்கள். ரோபோவுக்கு எது டேலி, எது வாட்ஸ்அப் என்று தெரியுமா? பில் நம்பர், தொகை எல்லாவற்றையும் கடை குரூப்பில் வரிசையாகக் கொட்டிவிட்டது. லோடுமேன் ஒருவர் "சரிங்க" என்று பதில் வேறு போட்டிருந்தார்.

அப்புறம்தான் வழியை மாற்றினேன். இப்போது பில்களை மெயிலிலிருந்து இறக்கி, பெயர் மாற்றி, எக்செலில் ஏற்றுவது வரைதான் ரோபோவின் வேலை. டேலிக்கு ஒரு கோப்பாக நாங்களே இம்போர்ட் செய்துகொள்கிறோம். நேராக இம்போர்ட் செய்ய வழி இருக்கும்போது ரோபோவைத் தட்ட வைப்பது வெட்டி வேலை.

2பி ஒப்பீட்டிலும் தொடக்கத்தில் தலைவலிதான். ஒரு மில் பில்லில் 0045 என்று இருக்கும், அக்கா 45 என்று போட்டிருப்பார். இன்னொன்றில் வருடத்தைச் சாய்கோட்டோடு சேர்த்திருப்பார்கள். கண்ணால் பார்த்தால் ஒன்றுதான். ரோபோ எல்லாவற்றையும் 'பொருந்தவில்லை' என்று சிவப்பாக்கிவிட்டது. முன்னால் வரும் பூஜ்யங்களையும் சாய்கோட்டையும் நீக்கிவிட்டு ஒப்பிடச் சொன்ன பிறகே பட்டியல் சுருங்கியது.

இதையெல்லாம்விடப் பெரிய பாடம் துவரம்பருப்பில் கிடைத்தது. பருப்பு என்றால் 5 சதவீத ஜிஎஸ்டி என்று நான் விதி எழுதி வைத்திருந்தேன். அக்கா சரிபார்க்கும்போது பிடித்துவிட்டார். 2022 ஜூலை 18இல் வந்த மாற்றத்தின்படி, லேபிள் ஒட்டிய பை 25 கிலோ வரை இருந்தால்தான் வரி. 30 கிலோ மூட்டைக்கு வரி இல்லை. இது கடையில் எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை, அக்காவின் தலைக்குள் இருந்தது. அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த பில் வந்தா என்ன செய்வீங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதவே மூன்று வாரம் ஆனது. ரோபோ செய்ய அவ்வளவு நேரம் ஆகவில்லை.

கேள்வி கேட்கக் கேட்க அக்காவின் முகம் சுருங்கியது. "என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டு இதத்தான் உக்கார வைக்கப் போறீங்களா தம்பி?" என்று கேட்டேவிட்டார். இல்லை என்று வாயால் சொன்னதை அவர் நம்பவில்லை. அண்ணாச்சியைச் சொல்ல வைத்தேன். இன்று ரோபோவை ஓட்டுவதே அக்காதான்.

ஓட்டுவது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இலவசப் பதிப்பு தானாக நேரம் பார்த்துக் கிளம்பாது. ஆள் வந்து பொத்தானை அழுத்த வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் நுழையும்போது படத்தில் தெரிவதைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்சாவையும் நாங்களேதான் போடுகிறோம். 20ஆம் தேதி மாலை தளம் மெதுவாகும்போது, பக்கம் வருமுன்பே ரோபோ சொடுக்கிவிட்டு நின்றுவிடும். 'வரும்வரை காத்திரு' என்று அங்கங்கே சேர்த்த பிறகு பரவாயில்லை. தளத்தில் ஒரு பொத்தான் இடம் மாறினால் அன்று முழுக்க எனக்கு வேலைதான்.

கணக்குப் பார்த்தால், ஆறு நாள் ஒப்பீடு இப்போது ஒன்றரை நாளில் முடிகிறது. பில் பதிவில் அவ்வளவு லாபமில்லை, பாதி நேரம் மிச்சம். ஒவ்வொரு மில்லும் ஒவ்வொரு வடிவத்தில் பில் போடுவதால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அமைக்க வேண்டியிருந்தது. மாதம் ரெண்டு பில் அனுப்பும் மில்லுக்கெல்லாம் நான் மெனக்கெடவில்லை.

உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துச் சின்ன வியாபாரிகள் இன்னும் கையால்தான் பில் எழுதுகிறார்கள். அவற்றை ஸ்கேன் செய்து படிக்க வைத்துப் பார்த்தேன். 1ஐ 7 என்றது, 'மூட்டை' என்பதை எதுவுமில்லை என்றது. அந்த பில்களை மட்டும் அக்கா ஒரு கட்டாக ரப்பர் பேண்ட் போட்டுத் தனியாக வைத்திருக்கிறார். சாயங்காலம் டீ வந்ததும் எடுப்பார்.